இன்னொரு இழுப்பு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் அப்பாவும் உட்கார்ந்த இடத்தில் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உன் கடிதம் வந்தது, ஐந்து பக்கம். நலம் விசாரிப்பு அரைப் பக்கம், மிச்சமெல்லாம் கேள்வி. நீயும் அப்பாவும் ஷெட்டில் சேர்ந்து புதுப்பித்த பழைய ரேஸ் காரின் கை பிரேக் கேபிள் தளர்ந்திருந்ததா, பின் சக்கர டிரம்மில் எண்ணெய் கசிந்ததா, லிவர் பல் தேய்ந்திருந்ததா என்று அடுக்கியிருக்கிறாய். தூக்கம் வரவில்லை, மூன்று மாதமாக ஸ்பேனரைத் தொடவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். தவிக்கட்டும் என்றுதான் முதல் இரண்டு மாதம் நானும் நினைத்தேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வண்டி ஏறி முறிந்த இடுப்பு எலும்பு அப்பாவுக்குச் சேர்ந்துவிட்டது, சேர்ந்த விதம்தான் சரியில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறை வரை போகிறார், அதற்குள் என்னை நான்கு தடவை கூப்பிடுகிறார். தண்ணீர், தலையணை, ஜன்னல், பேப்பர். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் என்னை இத்தனை தடவை கூப்பிட்டதில்லை. உன் பேச்சை எடுத்தால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். 'அவ கை வெச்ச பிரேக்குதானே, அதுதான் என் இடுப்புல ஏறிடுச்சு' என்று உன் சித்தப்பாவிடம் ஒரு தடவை சொன்னார். என் பொண்ணு கை பட்டா இரும்பும் பேசும் என்று தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்ன அதே வாய். யானைக்கும் அடி சறுக்கும் என்று சித்தப்பா உனக்காகப் பரிந்துகொண்டு வந்தார். 'யானை சறுக்கினா கீழ இருக்கறவன்தான் சாகணும்' என்று பதில் வந்தது. அத்தோடு சரி, உன்னைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நீ கேட்டுக்கொண்டபடி மெக்கானிக்கை வரவழைத்தேன், உனக்குப் பழக்கமான அந்தத் தாடிக்காரர்தான். முதலில் கேபிளைப் பார்த்தார். லிவர் பாதி தூரம் வருவதற்குள் பின் சக்கரம் இரண்டும் இறுகின, தளர்ச்சி இல்லை. பிறகு சக்கரங்களைக் கழற்றினார். டிரம் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன, பிரேக் ஷூ நீ மாட்டிய அன்று போலவே இருந்தது. கடைசியாக லிவருக்கு அடியில் இருக்கிற பல்லையும் அதில் போய் விழுகிற கொக்கியையும் டார்ச் அடித்துப் பார்த்தார். நீ அரம் வைத்துத் தீட்டிய பல் ஒன்றுகூட மழுங்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, வண்டியை ஷெட் சரிவில் நிறுத்தி, லிவரை இழுத்து, முனையிலிருக்கும் பொத்தானை அமுக்கிப் பூட்டினார். இரண்டு பேரும் பின்னாலிருந்து தள்ளினோம். அசையவில்லை. 'குறை சொல்ல ஒண்ணுமே இல்லம்மா, பொண்ணு சுத்தமா செஞ்சிருக்கு' என்றார். அப்புறம் எப்படி ஓடியது என்றேன். அவர் லிவரை இரண்டு விரலால் லேசாகப் பின்னால் இழுத்துவிட்டார். படக்கென்று அது கீழே விழுந்தது. 'இந்தப் பழைய ரேஸ் வண்டியெல்லாம் தலைகீழும்மா. நம்ம வண்டியில பொத்தான அமுக்கினா பிரேக் விடும். இதுல அமுக்கினாத்தான் பூட்டும். பூட்டினப்புறம் சும்மா ஒரு இழுப்பு இழுத்தா கழண்டுக்கும். பந்தயத்துல சட்டுனு கிளம்பறதுக்கு அப்படி வெச்சிருக்காங்க. அன்னிக்கு யாராவது தெரியாம தொட்டாங்களா' என்று கேட்டார். யாரும் தொடவில்லை என்றேன்.

நீயும் அதைத்தான் கடைசியில் கேட்டிருக்கிறாய், அடிக்கோடு போட்டு. அன்று காலை அப்பா ஷெட் வாசலில், சரிவில் நின்ற வண்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கழற்றிய விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை வண்டி சீட்டிலேயே வைத்துவிட்டேன், எடுத்துக் கொடு என்றார். குனிந்து எடுத்தேன். எடுக்கும்போதே என் இன்னொரு கை தானாக லிவருக்குப் போனது. டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருஷம் வந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பாடம் உனக்குத் தெரியும், உன்னையும் அப்படித்தான் பழக்கினேன். கை பிரேக்கைப் போட்ட பிறகு இன்னொரு இழுப்பு, முதல் இழுப்பு வண்டிக்கு, இரண்டாவது நம் மனசுக்கு. அந்த இரண்டாவது இழுப்பை இழுத்துவிட்டுக் கண்ணாடியை ஊதித் துடைத்துக்கொண்டே திரும்பினேன். நான் நிமிர்வதற்குள் வண்டி என்னைக் கடந்து அவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை, அதுவும் உன் கைங்கரியம்தான், சக்கரத்துக்கு அவ்வளவு நன்றாக கிரீஸ் வைத்திருந்தாய். கண்ணாடி இல்லாத மனிதர், குனிந்த தலை, நான் என்ன செய்தேன் என்று அவர் பார்க்கவில்லை.

அந்த லிவர் தலைகீழ் என்று எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று கேட்கத் தோன்றும். நீங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை, அதனால் தெரியாது. வண்டிக்கு அடியில் நான்கு கால் நீட்டிக்கொண்டிருக்கும், சிரிப்புச் சத்தம் வரும். காபி கொண்டுவந்தால் அங்கே வைத்துவிட்டுப் போ என்பீர்கள். என்ன சிரிப்பு என்று கேட்டால், சொன்னா உனக்குப் புரியாதும்மா என்பாய். ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, வீட்டில் நிற்கிற வண்டியின் பிரேக் எப்படி விடும் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. நிறைய நாள் அழுதிருக்கிறேன், உங்களுக்குத் தெரியாது.

மெக்கானிக் போன பிறகு அப்பாவிடம் பல் தேய்ந்திருந்ததாம் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நீயே யோசி. நீ இருக்கும் தூரத்துக்கு அவர் கோபம் ஒரு கடிதத்து அளவுதான். நான் அதே அறையில் இருக்க வேண்டும். நான் நீட்டும் தண்ணீரை வாங்காமல் சுவரைப் பார்ப்பார். பெற்ற மனம் பித்து என்பார்கள், என்றைக்காவது உன்னை மன்னித்துவிடுவார். கட்டிக்கொண்டவளை மன்னிக்கப் பழமொழி ஒன்றும் கிடையாது. அதனால் பழி உன்னிடமே இருக்கட்டும், உனக்கு வயசு இருக்கிறது, தாங்குவாய். வண்டியை வியாழக்கிழமை ஒருவர் வந்து விலைக்கு எடுத்துப் போகிறார். போன் என் தலைமாட்டில்தான் இருக்கிறது, நீ கூப்பிட்டாலும் நான்தான் எடுப்பேன். சித்தப்பாவுக்கு எழுதலாம் என்று நினைக்காதே. பழியைத் தட்டிக்கழிக்க அவள் என்மேல் போடுவாள், பாருங்கள் என்று அவரிடம் போன வாரமே சொல்லி வைத்துவிட்டேன். பின் எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், யாரிடமாவது சொல்லாமல் என்னால் சோறு இறக்க முடியவில்லை. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு.

உன் வேலையில் குறையில்லை. அதைத் தெரிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கு. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், அதில் பொய் இல்லை. மறக்காதே, சரிவில் வண்டியை நிறுத்தினால் இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கு. மற்ற வண்டிகளுக்கெல்லாம் அது நல்ல பழக்கம்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். தண்ணீருக்கு என்று நினைத்துப் போனேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, 'அவகிட்டேருந்து லெட்டர் ஏதாவது வந்துச்சா' என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா