மானேஜர் வீட்டுப் புல்

18-7-71, ஞாயிறு, தாம்பரம்

தங்கை ஸ்டெல்லாவின் கல்யாணப் பத்திரிகையோடு, ஆராதனை முடிந்ததும் நேராகப் பல்லாவரத்தில் மானேஜர் வீட்டுக்குப் போனேன். கையால் தள்ளும் புல்வெட்டும் மெஷினோடு மனிதர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நின்று நின்று தள்ளினால் பிளேடு எப்படிச் சுழலும்? "இப்படிக் குடுங்க சார்" என்று வாங்கி ஒரு நடை தள்ளிக் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "பேஷ், நல்லா வருதே" என்றவர் நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்துவிட்டார். அப்புறம் எப்படிப் பாதியில் விடுவது? சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டம்மாள் மதில் வழியே எட்டிப் பார்த்தாள். "புதுத் தோட்டக்காரனா சார்? எங்க வீட்டுக்கும் வருவானா?"

"அவனையே கேட்டுக்கோங்க" என்றார் மானேஜர், தலையைத் தூக்காமல். ஆபீசில் ஒரு நாளும் அவர் என்னை 'அவன்' என்றதில்லை.

அதற்குப் பிறகு பத்திரிகையை எடுக்க மனம் வரவில்லை. புல்லை மட்டும் வெட்டி முடித்தேன். கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறும் வந்துடுப்பா" என்றார்.

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "மானேஜர் என்னப்பா சொன்னாரு?"

"அடுத்த வாரமும் வீட்டுக்கு வரச் சொன்னாரும்மா."

"பாத்தியா, எவ்வளவு பெரிய மனசு!" என்று பூரித்துப்போனாள். பத்திரிகை இன்னும் சட்டைப் பையில்தான், வியர்வையில் ஊறிக் கிடக்கிறது.