கடைவீதியில் கழன்ற தகடுகள்

அன்புப் பேத்திக்கு, பாட்டி ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது.

முதலில் நம் பிள்ளைகளின் பெருமை. உன் தம்பி எலக்ட்ரீசியன் பரீட்சையில் தேறிவிட்டான். அத்தை மகள் நீச்சலில் கோப்பை வாங்கி, அதைத் தேய்த்துத் தேய்த்தே பாதிப் பளபளப்பைப் போக்கிவிட்டாள். சின்னவன் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் சொல்கிறான். உன் வெற்றியைக் கடைசிக்கு வைத்தேன்: நம் கட்டடம் இடிபடவில்லை! நகரசபை தீர்மானம் போட்டுவிட்டது. இங்கே கட்டவிருந்த கார் நிறுத்தும் மாடியை வேறெங்கோ கட்டுகிறார்களாம். நம் பொத்தான் கடை இருந்த இடத்திலேயே இருக்கும்.

நாங்கள் அடித்த கூத்தைக் கேள். காப்பாற்றத் தகுந்த பழைய கட்டடமா என்று பார்க்க ஒரு குழு வருகிறது என்றதும், கௌரவமாக இருக்கட்டுமே என்று ஆளாளுக்கு அலங்காரம் செய்தோம். பாதி ஜன்னல்களை விளம்பரப் பலகைகள் எப்போதோ மூடியிருந்தன. மீதி ஜன்னல், கல் வளைவு எல்லாவற்றையும் புதுத் தகடு அடித்து நாங்களே மூடினோம். சலூன்காரர் தன் கடைத் தூணுக்குக் குளியலறை டைல்ஸே ஒட்டிவிட்டார். குழுவில் வந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்து, "இதுல பழசுன்னு என்னங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு உயிரே போய்விட்டது.

அப்போதுதான் நீ போனில் உன் அம்மாவிடம், "மூடினதையெல்லாம் கழட்டச் சொல்லும்மா, மறுபடி மனு போடலாம்" என்றாய். உன் அப்பா குதித்தான். "நகரசபை குடுக்குற மாத்து இடத்த வாங்கிட்டுப் போயிரலாம்னா கேக்குறாளா? கட்டடப் படிப்பு படிச்சா எனக்கே புத்தி சொல்லுவாளா?" என்றான். இதற்குத்தானே நீங்கள் இருவரும் சண்டை போட்டுப் பேச்சை விட்டீர்கள். நான் சலூன்காரரிடம் ஏணியை வாங்கி முதல் படியில் கால் வைத்தேன், அவ்வளவுதான். "இந்த வயசுல ஏணி ஏறி என் மானத்த வாங்கணுமா? எறங்கும்மா!" என்று கத்திவிட்டு அவனே ஏறினான். நம் கடைத் தகடுதான் முதலில் கழன்றது. அதைப் பார்த்துக் குடைக்கடை, பூட்டுக்கடை என்று எல்லோரும் கழற்றினார்கள். டைல்ஸ் மட்டும் லேசில் வரவில்லை. உளியால் தட்டத் தட்ட, சலூன்காரர் உன்னை என்னென்னவோ சொன்னார். இப்போது வாய் நிறைய வாழ்த்துகிறார்.

மனு போட்டு, குழு மறுபடி வந்தபோது அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தபடி தெருவிலேயே நின்றுவிட்டார். இடித்தே தீருவேன் என்று பேசிய நம் வார்டு உறுப்பினர், காப்பாற்றியதே தான்தான் என்று இப்போது மேடை போடுகிறார். பேசிவிட்டுப் போகட்டும். கடைசியில் நம் பக்கம் கை தூக்கினாரே, அவருக்கும் நன்றி.

உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? ஐந்தாவதோடு நின்ற எனக்கு இதற்கு மேல் எழுத்து வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணே.

ஜன்னல் திறந்ததும் கடைக்குள் நல்ல வெளிச்சம். அது விழுகிற சுவரில் உன் அப்பா ஓர் ஆணி அடித்திருக்கிறான். எதற்கடா என்றால், "சும்மாத்தான், இருக்கட்டுமே" என்கிறான். எங்களிடம் இருப்பதோ உன் பள்ளிக்கூடச் சீருடைப் படம். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. கடை விலாசத்துக்கு, அப்பா பெயருக்கே போடு.

உன் பாட்டி