பறக்கும் மனுஷன் இனி வரமாட்டானாம்

பாப்பா,

முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். சாவி மாடிவீட்டு அக்காவிடம்.

நாம் சேர்ந்து பார்த்தோமே, அந்தப் பறக்கும் மனுஷன் தொடர், அதை ஒரே சீசனோடு ஊற்றி மூடிவிட்டார்களாம். முடி வெட்டுகிறவர் நேற்று புலம்பித் தீர்த்தார். சேதி வந்து ரொம்ப நாளாகிறதாம். "அடுத்த சீசன் வந்துடும்ப்பா, நீங்க உடம்பைத் தேத்துங்க" என்று நீ போன வாரம்கூடச் சொன்னாயே! நான் கேட்கும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்தது இதற்குத்தானா?

வில்லன் கையில் அவனைத் தொங்கவிட்டுப் போனவர்கள்மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் மனசைக் குடைவது வேறு. ஒரு கதை நின்றுபோனதையே என்னிடம் மறைத்த நீ, ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னதை மட்டும் அப்படியே சொல்லியிருப்பாயா? "ஒண்ணுமில்லப்பா, சின்னக் கட்டிதான்" என்றாய். அதையும் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாய்.

டாக்டரிடம் நானே கேட்கப் போகிறேன். பின்னாலேயே ஓடி வராதே.

அப்பா

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து எழுதுகிறேன். உன்மேல் கோபமில்லை. தனியாகக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்ததும் உள்ளே போகலாம்.