கடைசி வாரத்துப் பக்கங்கள்

12.8.1979, ஞாயிறு. ஸ்ரீரங்கம்.

வாடகை நூலகத்தில் எடுத்த பைண்டிங் தொடர்கதையைக் காலையில் ஒரே மூச்சில் படித்தேன். குப்பை என்று பத்து வருடத்துக்கு முன் நான் திட்டிய அதே கதை. கண் கலங்கிவிட்டது. கடைசி வாரத்துப் பக்கங்களை மட்டும் காணோம்.

மதியம் லால்குடியிலிருந்து தங்கை வந்தாள். புத்தகத்தின் பெயரைப் பார்த்தாள்.

"இதைத்தானே அண்ணே அன்னிக்கு வெந்நீர் அடுப்புல போட்டீங்க?"

அன்று நான் எரித்தது, பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, அவளே ஊசி நூலால் தைத்து வைத்திருந்தது.

"முடிவு என்னம்மா?" என்றேன்.

"ஞாபகம் இல்லண்ணே."

சற்று நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். சமையலறையில் என் மனைவியிடம் அந்த முடிவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

இரவு இதை எழுதும்போது மனைவி பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். கேட்க வாய் வரவில்லை.