விண்ணப்பத்தின் பதினோராவது பாட்டு

செகொந்தி,
ஆகஸ்டு 14

என் மகள் மன்சாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. ஹாம்பர்க் மழையில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். இந்த வருஷம் மத்தி நன்றாகப் படுகிறது, அம்மாவின் கொட்டகையில் மீனைப் புகையில் வாட்டும் மூன்று அடுப்பும் அணையாமல் எரிகின்றன. உன் அக்காவுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்திருக்கிறார்கள், இரண்டும் என் மூக்கோடு வந்துவிட்டதாக அம்மாவுக்கு ஒரே கவலை. இதையெல்லாம் போனில் சொல்லாமல் அப்பா ஏன் தாளை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேச எனக்கு முகம் இல்லை. நாலு ஞாயிறாக நீ அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அந்த வானொலிப் பேட்டியை நீயும் கேட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் நம் பக்கத்தில் அதிகம் ஒலித்த பாட்டு ‘புகையே விலகு’ என்று பாட்டுக்காரர்களின் உரிமைச் சங்கத்தில் எனக்குத் துணி போர்த்திக் கௌரவித்தார்கள். வானொலிக்காரர், பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டார். ஷாமா கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன், அலையோடு வந்தது என்றேன். கூசாமல் சொன்னேன் மகளே. வீட்டுக்கு வந்தால் அம்மா வானொலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். “அந்தப் பாட்டு பொறந்த அன்னிக்கு நான் பக்கத்துல மீன் திருப்பிக்கிட்டு இருந்தேன். அது அலையோட வரல மன்சா அப்பா, என் மக இருமலோட வந்துச்சு” என்றாள். அன்றிலிருந்து ஒரு வாரம் கென்கே மாவுருண்டையை மிளகாய்த் துவையல் இல்லாமல் வைத்தாள், நானும் அதையே தின்றேன்.

ஏழு வருஷத்துக்கு முன் டகொராடியில் அந்தச் சங்கத்தில் சேரப் போனோமே, அந்த நாளை நான் மறந்துவிட்டதாக நீ நினைத்திருக்கலாம். புகைப்படம், அடையாள அட்டை, ஒலிப்பதிவு எல்லாம் கொண்டுபோனோம். பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மெட்டு யார், சொல் யார், வாத்திய அமைப்பு யார், யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டவேண்டும், அதை வைத்துத்தான் வானொலியில் பாடினதற்குப் பணம் பிரிப்பார்கள். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று பதினேழு வயது உன்னை எழுத உட்கார்த்தினேன். அந்த அலுவலக அம்மா அப்போதே எச்சரித்தார். “பெரியவரே, மெட்டு ஒருத்தர், சொல்லு ஒருத்தர்னா தனித்தனியா போட்டுடுங்க. அப்புறம் திருத்தறது பெரும்பாடு” என்றார். எல்லாம் ஒரே வீட்டுப் பாட்டு என்றேன். நம் இசைக்குழுக்களின் வழக்கம் உனக்குத் தெரியும், கிதாரும் வேன் வாடகையும் யாருடையதோ அவன் பெயரில்தான் எல்லாப் பாட்டும். என் பழைய தலைவர் அப்படி என்னுடைய இரண்டு பாட்டை எடுத்துக்கொண்டதை ஆயுள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தவன்தான் நான். பதினோராவது வரியில், ‘புகையே விலகு’ பாட்டுக்கு, நீ பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, “என் பேரையே எழுதும்மா” என்றேன்.

அதைவிட மோசம் அடுத்தது. அந்தப் பாட்டுக்கு வந்த பணத்தில்தான் உன் விமான டிக்கெட் வாங்கினேன். வழியனுப்பும்போது, அப்பாவின் பாட்டுதான் உன்னைப் பறக்கவைக்கிறது என்று பெருமையடித்தேன். நீ என் கையைப் பிடித்து நன்றி சொன்னாய்.

போன செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதே அம்மாதான், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். “பேரைச் சேர்க்கச் சொல்லி சண்டைக்கு வந்தவங்கள நிறைய பாத்திருக்கேன். தன் பேர எடுக்கச் சொல்லி வந்தது நீங்க மட்டும்தான்” என்று பழைய தாளை எடுத்துவந்தார். பதினோராவது வரியில், என் பெயருக்கு முன்னால், உன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எழுதி அடித்திருந்தாய். காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அங்கேயே அழுதுவிட்டேன், அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார்.

புதுத் தாளை நானே எழுதினேன். மெட்டு மன்சா, சொல் மன்சா. கிதார் அமைப்புக்கு எனக்குச் சிறு பங்கு உண்டு என்றார், வேண்டாம் என்றேன், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லி அதட்டினார். சனிக்கிழமை ஒரு சாவுச் சடங்கில் வாசிக்கும் முன், இது என் மகள் கட்டிய பாட்டு என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். ஒரு மீன்காரி, “அப்போ ரேடியோல சொன்ன அலை எங்கய்யா போச்சு?” என்று கேட்டாள். துக்க வீடே சிரித்தது. சிரித்து முடிக்கும்வரை நின்றேன், பிறகு வாசித்தேன். இதுவரை வந்த பணம் கொட்டகைக் கூரையாகவும் உன் அக்கா கல்யாணமாகவும் ஆகிவிட்டது, அதைத் திருப்ப எனக்கு வக்கில்லை. இனி வருவது உனக்கு வரும், நீயும் அங்கத்தினராகச் சேர்ந்தால்.

அதனால் உள்ளே வைத்திருக்கும் தாளில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போடு, பாஸ்போர்ட் நகலும் காது தெரிய எடுத்த இரண்டு புகைப்படமும் சேர்த்து அனுப்பு. மன்னிப்பைச் சேர்த்து அனுப்பச் சொல்லவில்லை, அது உன் இஷ்டம். ஈரக் காலுறையோடு வேலைக்குப் போகாதே. முன்னோரும் ஆண்டவரும் உன்னைக் காக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும். கிறுக்கலைப் பொறுத்துக்கொள், உன் பெயரை மட்டும் வேறு தாளில் நாலு தடவை எழுதிப் பழகிவிட்டுத்தான் அங்கே எழுதினேன்.

இப்படிக்கு,
‘புகையே விலகு’ பாட்டைக் கட்டியவளின் அப்பா,
எபோ ஆர்ஹின்