அப்பாவின் போன் உப்புத் தண்ணீரில் விழவில்லை

மரக்காணம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரேணுகாவுக்கு,

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம், நீயும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவின் போன் உப்பளப் பாத்தித் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று பன்னிரண்டு நாளாக நான் சொன்னது பொய். அவர் ஜெயிலில் இருந்தார். பயப்படாதே, இன்று சாயந்திரம் ஜாமீனில் வந்துவிட்டார், உள்ளே குறட்டை விடுகிறார். பக்கத்துப் பாத்தி கலியன் மாமாவோடு வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை, அப்பா தள்ளியதில் அவர் வரப்பில் விழுந்து கை பிசகிவிட்டது. தள்ளியது நிஜம்தான், அப்பா என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் உப்பு வாரும் பலகையால் அடித்தார் என்று மாமா பதினேழு நாள் கழித்துப் புகார் கொடுத்துவிட்டார். நம் வக்கீல் ஜெயப்ரியா அந்தத் தாமதத்தைத்தான் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஜெயிலில் பார்க்கப் போனபோது வக்கீல் அதைச் சொன்னால் உன் அப்பா, "வாரின உப்ப லோடு ஏத்தாம யாரு மேடம் ஸ்டேஷனுக்குப் போவாங்க, கலியன் மேல தப்பு இல்ல" என்கிறார். "அண்ணே, நீங்க எந்தக் கட்சி" என்று வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தனை நாளில் நான் அன்றுதான் சிரித்தேன். புகாரில் தாமதத்துக்கு ஒரு வரி காரணம்கூட இல்லை, காயமும் ஆறிவிட்டது என்று ஜட்ஜ் ஜாமீன் கொடுத்தார். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், மாமா பக்கம் போகக் கூடாது, கேஸ் இன்னும் நடக்கும். எனக்கு அந்தப் பயம் போகவில்லை. இவரோ வீட்டுக்குள் நுழைந்ததும், கலியன் பாத்திக்குத் தண்ணி போவுதா என்றுதான் கேட்டார்.

உன் ஸ்டைபண்டில் வாங்கி அனுப்பிய புதுப் போன் செவ்வாய்க்கிழமையே வந்தது, பிரிக்க மனம் வராமல் பீரோவில் வைத்திருந்தேன். இன்று கொடுத்தேன். ராத்திரி வெகுநேரம் மடியில் வைத்திருந்தார், "பாப்பா கோவமா இருக்குமா" என்று மூன்று தரம் கேட்டார், உன்னைக் கூப்பிட மட்டும் கை வரவில்லை. உப்பு லோடு ஏறட்டும் என்று மாமா காத்திருந்த மாதிரி உன் பரீட்சை முடியட்டும் என்று நான் காத்திருந்தேன், என் தாமதத்துக்கு வேறு காரணம் இல்லை. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ராத்திரி கண் விழிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லா இருக்கணும். பத்து மணிக் கையெழுத்துக்கு அவர் ஸ்டேஷனுக்குக் கிளம்புவதற்குள் அப்பாவுக்கு ஒரு வரி போடு. சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
வினோதினி