சாயங்காலத்துப் போன்

ஜீவனஹள்ளி,
பெங்களூர்.

என் அன்பான லவினா அப்பாவுக்கு,

அந்த வெயில் ஊரில் ஆண்டவர் உங்கள் தலைக்கு மேல் நிழலாக இருக்கட்டும். இங்கே நானும் பிள்ளையும் நலம். கே.ஜி.எஃப்.பில் அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லையாம். தினமும் போனில் முகம் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போன் எந்நேரமும் லவினா கையில்தான். நான் எழுதுவதை அவள் பார்க்கக் கூடாது. அதனால் மஸ்கட்டுக்குத் திரும்பும் ராஜேந்திரன் அண்ணனிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் கையில் மாவுக்கட்டைப் பார்த்ததும், ரோட்டில் விழுந்தாளா, ஏன் வெளியே விட்டாய் என்று கத்தினீர்களே, அவள் வீட்டுக்குள்தான் விழுந்தாள். முகம் கழுவிக்கொண்டிருந்தவள் உங்கள் போன் மணி கேட்டு ஓடிவந்தாள். ஈரக்கால் வழுக்கிவிட்டது. அவ்வளவு சின்னதாக விழுந்ததற்கு எலும்பு விரிசல் விட்டுப்போயிற்று. பத்து வயதுப் பிள்ளைக்கு!

எலும்பு டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார். வளரும் பிள்ளை மேல் வெயில் பட வேண்டுமாம், ஓட வேண்டுமாம், குதிக்க வேண்டுமாம். இந்த வயதில் எலும்பில் ஏறும் வலுதான் பின்னால் தாங்குமாம். மருந்து கொடுத்திருக்கிறார், பயப்படாதீர்கள். பாலும் ராகிக்கூழும் கொடுக்கிறேனே என்றேன். குடும்மா, ஆனா ஓடாத புள்ளைக்கு அது மட்டும் போதாது என்றார். பிறகு லவினாவிடம், சாயங்காலம் என்ன விளையாடுவே கண்ணு என்று கேட்டார். இவள் யோசிக்கவே இல்லை. சாயங்காலம் எங்க அப்பா கூப்பிடுவாரு என்றாள். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் டீ நேரம் இங்கே ஐந்தரை. தெருப்பிள்ளைகள் மைதானத்தில் கூடும் நேரமும் அதுதான். ஒரு நாள் கோகோ ஆடப் போய் உங்கள் போனை விட்டுவிட்டாள், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குச் சாப்பிடாமல் அழுது தீர்த்தாள். அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முகம் கழுவி, பவுடர் போட்டு, போன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். நானும் வேலை விட்டு ஓடிவந்து தலை பின்னி ரிப்பன் கட்டுவேன். உங்களுக்குப் பிள்ளை பளிச்சென்று தெரிய வேண்டுமே! எதிர்வீட்டு அக்கா, என்னாடி மெர்சி, புள்ளைய ஷோகேஸ் பொம்மையாட்டம் வச்சிருக்கிறே, வெளிய உடுடி என்று எத்தனையோ முறை சொன்னாள். இவளுக்கு என்ன வந்தது என்று நான்தான் கதவைச் சாத்தினேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடையும் கணக்கு மிஸ் பிடுங்கிக்கொள்கிறார்.

நேற்று மாவுக்கட்டு பிரித்ததை நீங்களே பார்த்தீர்கள். கை எப்படிச் சூம்பிப்போயிருக்கிறது! கொஞ்ச நாளில் மெல்ல விளையாட விடலாமாம். நேற்று நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் ஜன்னலில் நின்று கோகோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ச் சும்மா பக்கத்தில் நின்று பாரேன்டி என்றேன். அப்பா கூப்பிட்டா என்ன பண்றது என்றாள்.

கோபப்படாமல் கேளுங்கள். இனிமேல் சாயங்காலம் போன் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆசை தீரப் பேசுங்கள். போய் விளையாடு கண்ணு, அப்பா ஞாயித்துக்கெழம பேசுறேன் என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

அந்தப் போன் அவளுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியில் அவளை நகரச் சொல்லிவிட்டு, சாப்டியா மெர்சி என்பீர்களே, அதற்காகத்தான் பஸ்ஸில் நின்றபடியே தலை வாரிக்கொண்டு வருகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். உங்கள் குரல் கேட்காத சாயங்காலத்தை எப்படித் தள்ளப்போகிறேனோ.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். சாயங்காலம் மட்டும் வேண்டாம். மணி அடித்தால் நான் எடுத்துவிடுவேன். எடுத்தால் அவளைக் கூப்பிட்டுவிடுவேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நீங்கள்தான் அடிக்காமல் இருக்க வேண்டும்.

உங்களையே நினைத்திருக்கும்,
மெர்சி